சந்தியாகப்பர் கோயிலின் வடக்குக் கடைக்கால்

கோயிலின் வடக்கு மதிலை இடித்துத் தள்ளிய சத்தத்தில் குருசுக்குப்பத்து நாய்கள் அத்தனையும் ஒரே மூச்சில் குரைத்தன. கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் பட்டணத்தில் பீரங்கி போட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தார்கள். சாந்து அரைக்கும் செக்கில் பூட்டியிருந்த மாடு மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு, சாமியார் வீட்டு அவரைப் பந்தலில் போய் முட்டி நின்றது. செங்கல் தூசி மேகம் மாதிரி எழும்பி, கோயில் கோபுரத்துச் சிலுவையைக் கொஞ்ச நேரம் காணாமல் அடித்தது.

தூசிக்குள்ளிருந்து சொர்ணத்தின் குரல் வந்தது.

"ஏ மேரி, உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்டி. தலையில மண்ணு கொட்டிக்கிச்சு, அவ்ளோதான்."

"மண்ணு சுமக்க வந்தவளுக்குக் கூடை இல்லாமலே மண்ணா? அதுக்குக் கூலி கேளு."

ஆனந்தமேரி சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதில் இருந்த இடத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அவளுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் நின்ற மதில் இப்போது இல்லை. பக்கத்துக் கொல்லை வெட்டவெளியாகத் தெரிந்தது. போன சனிக்கிழமை வெட்டிச் சாய்த்த பூவரசின் அடிக்கட்டை தெரிந்தது. கட்டைக்குக் கிழக்கே மூன்றடி தள்ளி, புல் மண்டிய ஒரு கைப்பிடி நிலம் தெரிந்தது.

அது 1935-ஆம் வருஷம், பொங்கல் கழிந்த அடுத்த திங்கட்கிழமை.

சந்தியாகப்பர் கோயில் ஆதியில் ஓர் ஓலைக் கொட்டகை. குதிரைமேல் உட்கார்ந்த சந்தியாகப்பர் சுரூபத்தை வைத்து நாலு மீன்காரக் குடும்பங்கள் செபம் சொல்லி வந்தன. ஒரு புயலில் ஓலை பறந்ததும் ஓடு போட்டார்கள். பிறகு செங்கல் சுவர் வந்தது, கோபுரம் வந்தது. பட்டணம் வடக்கே ஓர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கோயிலும் ஓர் அடி எடுத்து வைத்தது. இப்போது ஆலைகள் வந்துவிட்டன. சேதராப்பட்டிலிருந்தும் இன்னும் அப்பாலிருந்தும் பிழைக்க வந்த சனம் சந்துக்குச் சந்து குடிசை போட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாதிக் கூட்டம் வெளியே வெயிலில் நின்றது. பிரசங்கம் அவர்கள் காதில் விழாது. உள்ளே மணி அடித்தால் வெளியே முழந்தாள்படியிடுவார்கள், அவ்வளவுதான். அதனால் வடக்குப் பக்கம் ஒரு சிறகு எடுத்துக் கட்டுவதென்று கபிரியேல் சாமியார் முடிவு செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய சாமியாரான மேற்றிராணியார் வந்து மூலைக்கல் மந்திரிக்கப் போகிறார். அதற்குள் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டி முடிய வேண்டும்.

வேலை தனிஸ்லாஸ் மேஸ்திரியுடையது. அவர் ஆனந்தமேரியின் புருஷன். அவர் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டு விட்டால் நூல் சுவரை முத்தமிட்டுக்கொண்டே இறங்கும் என்று கடலூர் வரைக்கும் பேர். வேலையிடத்தில் பேச்சே கிடையாது. வீட்டில் அதைவிடக் குறைச்சல்.

மண்ணும் கல்லும் அள்ளி இடத்தைச் சமன் செய்ய மணி பத்தாகிவிட்டது. அப்போதுதான் முசே சூசை வந்தார். பிரெஞ்சு அரசாங்கத்தில் ரோடும் பாலமும் போடுகிற ஆபீசில் படம் வரைந்து பென்ஷன் வாங்கியவர். வெள்ளைக் கோட்டு, தொப்பி, கையில் சுருட்டிய படம். கோயில் சிறகின் படம் அவர் வரைந்ததுதான். மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு வேப்பமர நிழலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன்பா மேஸ்திரி, இந்தத் தூசிக்குள்ள நான் வந்தா ராத்திரியெல்லாம் இருமணும். படத்தைப் பாத்துக்க. பழைய சுவத்துலேர்ந்து நாலரை மீட்டர். நீயே அளந்து முளை அடிச்சுடு."

"சரிங்க முசே."

"நாலரை. மறந்துடாத."

"சரிங்க."

தனிஸ்லாஸ் தன் அளவுகோலை எடுத்தார். சுவரோரம் வைத்து, புரட்டிப் புரட்டி அளந்துகொண்டே வடக்கே வந்தார். மேற்கு மூலையில் சவுக்கு முளை இறங்கியது. பிறகு கிழக்கு மூலை. இரண்டு முளைக்கும் நடுவே வெள்ளை நூலை இழுத்துக் கட்டினார். அந்த நூலிலிருந்து வடக்கே இரண்டு முழ அகலத்துக்குக் கடைக்கால் தோண்ட வேண்டும்.

நூல் விறைத்துக்கொண்டு நின்றதும் ஆனந்தமேரி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். அது அந்தக் கைப்பிடி நிலத்தின் சரியான நடுவில் ஓடியது. அதாவது பாதிக் குழி கடைக்காலுக்குள்.

அவளுக்கு முதல் பிரசவம் எட்டாம் மாதமே கண்டுவிட்டது. மருத்துவச்சி கைராசிக்காரி, ஆனால் கிறிஸ்தவ வேதக்காரி இல்லை. குழந்தை இரண்டு தரம் சிணுங்கியது. அந்த நேரத்தில் யாராவது தலையில் ஒரு கை தண்ணீர் ஊற்றி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அது ஞானஸ்நானம். மருத்துவச்சிக்கு அது தெரியாது, ஆனந்தமேரிக்கு நினைவில்லை, தனிஸ்லாஸ் சாமியாரைக் கூட்டிவர ஓடியிருந்தார். சாமியார் வாசலில் செருப்பைக் கழற்றும்போது எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர் படாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. பேரும் கிடையாது. மதிலுக்கு வெளியே பூவரசடியில் தனிஸ்லாஸே குழி தோண்டி வைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. பின்னால் பிறந்த ரோசாவை மட்டும், பிறந்த உடம்பு ஈரம் காயுமுன்னே துணியில் சுருட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்.

சிறகு கட்டப் போகிறார்கள் என்று பிரசங்கத்தில் கேட்ட நாளிலிருந்து ஆனந்தமேரிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிள்ளை கோயிலுக்குள் வராவிட்டால் என்ன, கோயில் பிள்ளையிடம் வரப்போகிறதே. அதை நினைத்தாலே உடம்பெல்லாம் குறுகுறுத்தது. இப்போது நூலைப் பார்த்தால் கடைக்காலே அவன்மேல் இறங்கப் போகிறது. மண்வெட்டி அவனை வாரி அவள் தலைக்கூடையிலேயே கொட்டும்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கிழக்கு முளைமேல் கடைசி அடியை அடித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தார்.

"இந்தாங்க," என்றாள்.

"இன்னா?"

"நூலு இங்கதானா?"

"பின்ன எங்க? நூலை மிதிக்காம நில்லு."

கல்லுக்குக்கூட இவரைவிட இளக்கம் உண்டு என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானச் சங்கு ஊதியது. எல்லாரும் கோயிலின் தென்புறம் கிணற்றடிக்குப் போனார்கள். தூக்குச்சட்டிகள் திறந்தன, கேழ்வரகுக் கூழும், சுட்ட கருவாட்டு மணமும், சாமியார் வீட்டு அவரைப் பந்தலைப் பிய்த்த மாட்டைப் பற்றிய வழக்கும் ஒன்றாகக் கிளம்பின.

"மாட்டுக்கும் பாவசங்கீர்த்தனம் உண்டா மேரி?" என்றாள் சொர்ணம். அவள் பக்கத்துக் குப்பமான பிள்ளைச்சாவடிக்காரி, கடலில் மீன் படாத நாளில் மண் சுமக்க வருகிறவள்.

"உனக்கே இல்ல, மாட்டுக்கு எங்கேர்ந்து? கூடையை அந்தப் பக்கமே வச்சுட்டேன். எடுத்தாறேன்."

"கூடைக்குக் கால் மொளைச்சு ஓடப் போவுதா? தின்னுட்டுப் போ."

"தோ வந்துட்டேன்."

வடக்குப் பக்கம் ஆளே இல்லை. உச்சி வெயில். அவள் மேற்கு முளையருகே குந்தினாள். கடற்கரை மண், இரண்டு அசைப்பில் முளை கையோடு வந்துவிட்டது. முழங்கையைப் பழைய துளையில் ஊன்றி, விரல் நுனி தொட்ட இடத்தில் முளையை வைத்து, ஒரு செங்கல்லால் அழுத்தினாள். ஒரு முழம். அதற்குமேல் தள்ள அவளுக்குத் துணிச்சல் இல்லை. பழைய துளையைக் காலால் தேய்த்துவிட்டு, கிழக்கு முளைக்கு ஓடினாள். அங்கேயும் ஒரு முழம். எழுந்து பார்த்தாள். நூல் குழந்தையின் இடத்தைத் தாண்டி, ஒரு சாண் வடக்கே, ஒன்றும் அறியாததுபோல நின்றது.

திரும்பிக் கிணற்றடிக்கு வந்தபோது சொர்ணம் கேட்டாள், "கூடை எங்கடி?"

கூடையை எடுத்துவர மறந்துபோயிருந்தாள்.

அன்று மத்தியானமே மேற்கிலிருந்து தோண்ட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு மண்வெட்டி, வெட்டுகிறவர்களுக்குத் தலையாள் இராமதாஸ். கூடை நிறைய நிறையப் பெண்கள் ஓட்டமாக ஓடினார்கள். மணல் சரியாமல் பலகை முட்டுக் கொடுப்பதும், ஊற்றுத் தண்ணீர் இறைப்பதும், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வண்டி வந்து சேருவதும், கடல் பாலத்தில் கப்பலிலிருந்து இறங்கிய ரங்கூன் தேக்கு உத்தரங்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்குவதுமாக, கோயிலடி திருவிழாக் கடைத்தெரு ஆகிவிட்டது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"வாசப்படி கெழக்க வச்சிருந்தா காத்து வரும்."

"பீடம் எங்க வருதுன்னு மொதல்ல பாருய்யா."

"ஏன் மேஸ்திரி, இவ்ளோ ஆழமா? கோயிலு கட்றீங்களா, கெணறு வெட்றீங்களா?"

தனிஸ்லாஸ் அவர்களைப் பார்க்கவில்லை. நூலையும் பார்க்கவில்லை. குழியின் ஆழத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

புதன்கிழமை பகல், குழி பூவரசுக் கட்டையை நெருங்கியது. ஆனந்தமேரி தன் கூடையை இராமதாஸின் மண்வெட்டிக்குக் கீழேயே பிடித்தாள். வேறு எவளையும் அண்ட விடவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் பார்வை மண்ணைச் சலித்தது. வேர். கிளிஞ்சல் ஓடு. வேர். ஒரு பழைய ஓட்டுச் சில்லு. மறுபடி வேர். மண்வெட்டி கட்டையைத் தாண்டியது, மூன்றடி தாண்டியது, ஐந்தடியும் தாண்டியது. குழியின் தெற்குக் கரை பிசிறில்லாமல் செங்குத்தாக நின்றது. அதற்கு ஒரு சாண் உள்ளே, புல்லின் வேர்கூட அசையாமல், அந்தக் கைப்பிடி நிலம் கோயில் பக்கமாக இருந்தது.

ஆனந்தமேரி சிரித்தாள். கூடையோடு ஓடினாள், கொட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"இன்னாடி மேரி, பொதையல் கெடைச்சுதா?" என்றாள் சொர்ணம்.

"கெடைக்கலடி. அதான் சந்தோசம்."

"வெயிலு மூளைக்கு ஏறிடுச்சு. தண்ணி குடி."

வியாழக்கிழமை காலை வரைக்கும்தான் அந்தச் சந்தோசம் நின்றது. தூசி அடங்கிவிட்டதென்று முசே சூசை நிழலை விட்டு இறங்கி வந்தார். கோட்டுப் பையிலிருந்து மீட்டர் நாடாவை எடுத்தார். ஒரு நுனியை இராமதாஸிடம் கொடுத்துப் பழைய சுவரில் வைக்கச் சொன்னார். மறு நுனியைக் குழியின் கரையில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கிழக்கு மூலைக்குப் போனார். நடுவில் பார்த்தார். நாலாம் தரம் அளந்தபின் அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"சாமியாரைக் கூப்பிடுங்க," என்றார்.

சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்மேட்டைத் தாண்டி வந்தார். பிரான்சில் பிறந்தவர், ஆனால் இருபது வருஷமாகப் புத்தகத்தில் படித்த தமிழைத் தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்.

"என்ன நேர்ந்தது, சூசை?"

"நாலரை மீட்டர் இருக்க வேண்டிய எடத்துல ஐந்து மீட்டர் நாற்பது இருக்கு, சாமி. தொண்ணூறு சென்டிமீட்டர் கூட. உத்தரம் ஒவ்வொண்ணும் ஐந்து மீட்டருக்கு அறுத்து வச்சாச்சு. சுவத்துமேல உட்காரவே உட்காராது. அந்தரத்துல தொங்கும்."

மண்வெட்டிகள் நின்றன. கூடைகள் இறங்கின. நாற்பது பேர் சுற்றி நின்றார்கள்.

"மேஸ்திரி," என்றார் சாமியார். "அளந்தது யார்?"

"நாந்தான் சாமி."

"இது எப்படி?"

தனிஸ்லாஸ் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆனந்தமேரி அவரையே பார்த்தாள். சொல்லிவிடலாமா? சொன்னால் குழியை மூடுவார்கள். உள்ளே தள்ளிப் புதுக்குழி வெட்டுவார்கள். புதுக்குழி எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால், இருபது வருஷம் கரணை பிடித்துச் சம்பாதித்த பேர் இந்த நாற்பது பேர் முன்னால் போகும்.

"நான் கடலூர்ல தொழில் பழகினவன் சாமி," என்றார் தனிஸ்லாஸ், மெள்ள. "எங்கிட்ட இருக்கறது அடிக்கோலு. மீட்டருக்கு நாலடின்னு மனசுல போட்டுக்கினேன். நாலரைக்குப் பதினெட்டு அடி வெச்சு அடிச்சுட்டேன். தப்பு என்னுதுதான்."

முசே சூசைக்கு அதைக் கேட்டதும் கோபத்திலும் ஒரு திருப்தி.

"பாத்தீங்களா சாமி? இங்கிலீஷ்காரன் அடி. ராசா கால்பாதத்தை வெச்சு அளக்கறவன்கிட்ட தொழில் கத்துக்கினா இப்படித்தான். மூணே கால் அடிடா மீட்டருக்கு. எங்க ஆபீசுல கூலியாளுக்குக்கூடத் தெரியும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இராமதாஸ் கீழே குனிந்துகொண்டான்.

"அதுவும் சரியா வரலையே," சூசை விடவில்லை. "பதினெட்டு அடின்னா ஐந்து மீட்டர் நாற்பத்தெட்டு வரணும். இங்க நாற்பதுதான். மிச்ச எட்டு சென்டிமீட்டர் எங்க போச்சு?"

"நூலு தொய்ஞ்சிருக்கும், முசே."

"மேஸ்திரிக்கு நூலு தொய்யுது, கணக்கு தொய்யுது. சாமி, நாளைக்கே மூடிட்டு, ரெண்டு முழம் உள்ள தள்ளிப் புதுசா வெட்டணும். கடலூர்லேர்ந்து வேற ஆளை வரச் சொல்லுங்க. இல்ல, வேணாம், அங்கேர்ந்து வேணவே வேணாம். பட்டணத்து ஆளா பாருங்க."

தனிஸ்லாஸ் மண்ணைப் பார்த்தபடி நின்றார். அவர் காதுமடல் சிவந்திருந்ததை ஆனந்தமேரி பார்த்தாள். கலியாணமான நாளாக அப்படி அவள் பார்த்ததில்லை. அவள் ஓர் அடி முன்னே வைத்தாள்.

"சாமி—"

"நீ பேசாத," என்றார் தனிஸ்லாஸ், திரும்பாமலே. "பொம்பளைக்கு இங்க இன்னா பேச்சு? போய்க் கூடையைப் புடி."

அவள் நின்றுவிட்டாள்.

சாமியார் இவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பழைய சுவரிலிருந்து குழி வரைக்கும் நடந்தார். திரும்பி நடந்தார். தாடியைத் தடவினார்.

"உட்காருங்கள்," என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"பூசைக்கு உட்காருவதுபோல, கொள்ளுகிற மட்டும் உட்காருங்கள். சுவரிலிருந்து குழி வரைக்கும் ஒரே வரிசை. நெருக்கமாக. உடனே."

முதலில் தயங்கினார்கள். பிறகு ஒரே ஓட்டமாயிற்று. மண்வெட்டி பிடித்தவர்கள் இடுப்புத் துணியை உதறிக்கொண்டு சம்மணம் போட்டார்கள். பெண்கள் முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

"சாமி, நான் வேதத்துல இல்லையே," என்றாள் சொர்ணம்.

"உனக்கும் உட்கார இடம் வேண்டும்தானே? உட்கார், அம்மா."

"உக்காருறேன். அப்பால என்னைப் பூசை வெக்கச் சொல்லாதீங்க."

சிரிப்பு கிளம்பியது. ஒருவரையொருவர் முழங்காலால் தள்ளி நெருக்கினார்கள். சுவரோரம் சொர்ணம், அவளுக்கு அடுத்து அடுத்து ஆட்கள், வரிசையின் கடைசியில், குழியின் கரையோரம், ஓர் ஆளுக்கு இடம் மிச்சம் இருந்தது.

"மேரி, வா," என்று கூப்பிட்டார்கள். "ஒரு எடம் கெடக்குது பாரு."

ஆனந்தமேரி போனாள். அந்த இடம் எதுவென்று அந்த வரிசையில் அவளுக்கு மட்டும் தெரியும். புல்லின்மேல் மெதுவாக, ஒரு குழந்தையை நசுக்கிவிடாமல் உட்காருகிறவள்போல, காலை மடக்கி உட்கார்ந்தாள். உள்ளங்கையை மண்ணில் பதித்தாள். வெயிலில் மண் சுடவில்லை, வெதுவெதுவென்று இருந்தது. முந்தானையை முகம் மறைய இழுத்துக்கொண்டாள்.

சாமியார் வரிசைக்கு எதிரே நடந்து தலைகளை எண்ணினார். "பன்னிரண்டு." பிறகு கடைசி இரண்டு பேர் தலைக்குமேல் கையை வெட்டுவதுபோல வைத்தார். "படத்தில் உள்ளபடி கட்டினால், பத்து. சூசை, சிறகின் நீளத்துக்கு எத்தனை வரிசை?"

சூசை படத்தை விரித்து, வாய்க்குள் கணக்குப் போட்டார். "இருபத்திரண்டு வரும், சாமி."

"இருபத்திரண்டும் இருபத்திரண்டும் நாற்பத்து நான்கு. நாற்பத்து நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நிற்க வேண்டியதில்லை."

"ஆனா உத்தரம்? சாமி, மரம் வளராது."

தனிஸ்லாஸ் இப்போதுதான் நிமிர்ந்தார். "வளர வேணாம் முசே. நடுவுல அஞ்சு தூண் எழுப்பித் தாரேன். தூண்மேல நீளவாட்டுக்கு ஒரு உத்தரம். அதுக்குமேல இந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு, அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு சின்னச் சின்னதா ஏறி உக்காரும். கூடக் கொஞ்சம் மரம் வேணும், அவ்ளோதான். தூண் கட்ற வேலைக்குக் கூலி வேணாம்."

"தூண் என் படத்துல இல்லையே."

"வரைஞ்சுக்கோங்க முசே. உங்களை மாதிரி வரையறவங்க இந்தப் பட்டணத்துல வேற யாரு?"

கல் பேசினதுபோல எல்லாரும் தனிஸ்லாஸைப் பார்த்தார்கள். அத்தனை நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. முகஸ்துதியா, கேட்கவே வேண்டாம். முசே சூசை படத்தைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார்.

"அஞ்சு பத்தாது," என்றார் கடைசியில். "ஆறு தூண். அப்பத்தான் லட்சணமா இருக்கும்."

"ஆறு," என்றார் சாமியார். "எழுந்திருங்கள். வேலை நடக்கட்டும்."

எல்லாரும் எழுந்தார்கள். ஆனந்தமேரிதான் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். சொர்ணம் வந்து கை கொடுத்துத் தூக்கினாள்.

"நல்ல எடமாத்தான் புடிச்சிருக்க. காத்தாட இருக்குது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடி கொள்ளவில்லை. ஆலைக்காரர்கள், குப்பத்துக்காரர்கள், சட்டைக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைச்சாவடி சனம் எல்லாம் ஒரே நெரிசல். வேட்டும் பேண்டு வாத்தியமும் முழங்கின. மேற்றிராணியார் மூலைக்கல்லைத் தொட்டு, சிலுவை வரைந்து, மந்திரித்தார். பிறகு வெள்ளித் தீர்த்தக் கிண்ணத்தோடு கடைக்காலைச் சுற்றி வந்தார். கபிரியேல் சாமியார் கூடவே நடந்தார். மேற்கே, வடக்கே, கிழக்கே என்று சுற்றி முடித்து, கடைசியாகச் சிறகுக்குள் வந்து, கையை வீசி நாலு பக்கமும் தீர்த்தம் தெளித்தார்.

ரோசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆனந்தமேரி எட்டிப் பார்த்தாள். வெயிலில் துளிகள் மின்னி, பரவி, விழுந்தன. பூவரசுக் கட்டையைத் தோண்டி எடுத்துவிட்ட இடத்திலும் விழுந்தன. அதற்குக் கிழக்கே மூன்றடியிலும் விழுந்தன. அவள் பதினோரு வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்த ஒரு பேரை, உதடு மட்டும் அசைய, ஒருதரம் சொன்னாள். கூட்டத்துக்கு அந்தப்பக்கம் தனிஸ்லாஸ் தலைப்பாகை இல்லாமல் நின்றார். அவர் கண் எங்கே இருந்தது என்று கூட்டத்தில் தெரியவில்லை.

வீட்டில் ஆட்டுக்கறி கொதித்து இறங்கியதும், ரோசா சாப்பிட்டுவிட்டுப் பேண்டு வாத்தியம் பார்க்க மறுபடி ஓடினாள். தனிஸ்லாஸ் வட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆனந்தமேரி குழம்பை ஊற்றினாள். கரண்டியைக் கீழே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"திட்டினாலும் சரி, அடிச்சாலும் சரி."

"சோறு ஆறுது. சொல்லு."

"அந்த முசே நாப்பது பேரு முன்னாடி உங்களை அவ்ளோ பேச்சு பேசினாரே. மீட்டருக்கு நாலடின்னு போட்டுக்கினேன்னு நீங்களும் தலைகுனிஞ்சு நின்னீங்களே. உங்க கணக்கு தப்பு இல்லீங்க. திங்கக்கெழமை மத்தியானம், எல்லாரும் கெணத்தடியில இருக்கச் சொல்ல, முளையைப் புடுங்கி நான்தான் தள்ளி நட்டேன். நூலு நம்ம புள்ளைமேல ஓடிச்சு. என்னால பாக்க முடியல."

தனிஸ்லாஸ் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. கண் அவள்மேல் இருந்தது. தெருவில் பேண்டு வாத்தியம் கோயிலைச் சுற்றித் திரும்புகிற சத்தம் கேட்டது.

"எவ்ளோ தள்ளின?"

"ஒரு முழம். என் கையால ஒரு முழம்."

அவர் கவளத்தை விழுங்கினார். இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையோ வேறெதுவோ, அவளுக்குத் தெரியவில்லை.

"அடியே, அளந்து முளை அடிக்கறப்பவே நான் ஒரு முழம் தள்ளித்தான்டி அடிச்சேன், மிச்ச முழத்தைச் சந்தியாகப்பரே வந்து தள்ளிட்டாருன்னுல்ல இந்த நாலு நாளா நெனைச்சுக்கினு இருக்கேன்."